ஒளிக்கு ஒருவழிப் பாதை: காந்தமின் படிகங்கள் செய்யும் வேலை என்ன?

திரைப்படங்களில் வரும் காவல்துறை விசாரணை அறைகளில் பெரிய கண்ணாடி ஒன்று இருக்கும். உள்ளே அமர்ந்திருப்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. வெளியே நிற்கும் அதிகாரிக்கு அது சன்னல். ஒளியை ஒரு பக்கம் மட்டுமே கடத்தும் கண்ணாடி என்று பலரும் அதைக் கருதுகின்றனர். உண்மையில் அதற்கு அத்தகைய ஆற்றல் எதுவும் இல்லை. மெல்லிய உலோகப் பூச்சு கொண்ட அந்தக் கண்ணாடி, இரு பக்கங்களிலிருந்தும் வரும் ஒளியை ஒரே விகிதத்தில்தான் கடத்துகிறது. விசாரணை அறையில் விளக்கு பிரகாசமாக எரிகிறது. அதிகாரி நிற்கும் அறை இருண்டிருக்கிறது. அவ்வளவே வேறுபாடு. இருண்ட அறையில் ஒருவர் கைப்பேசி விளக்கை எரியவிட்டால் உள்ளே இருப்பவர் அவரைக் கண்டுவிடுவார்.

நீர், கண்ணாடி, நெகிழி, வைரம் என அன்றாடம் காணும் பொருள் எதுவானாலும், ஒளி ஒரு பாதையில் எந்த அளவுக்குக் கடந்து செல்கிறதோ, அதே பாதையில் திரும்பி வரும்போதும் அதே அளவுக்குக் கடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்டோக்ஸ், ஹெல்ம்ஹோல்ட்ஸ், லோரன்ஸ் ஆகிய அறிஞர்கள் வகுத்த இந்த விதியை ஒளியின் இருவழிச் சமன்மை எனலாம். ஒருவரின் கண்ணை நீங்கள் காண முடிந்தால் அவரும் உங்கள் கண்ணைக் காண முடியும் என்பது அதன் எளிய வடிவம்.

இந்த விதிக்கு விலக்காக நிற்பவையே காந்தமின் பொருட்கள். இவ்வகைப் படிகம் ஒன்றின் வழியே இடமிருந்து வலமாகச் செல்லும் ஒளி எளிதில் கடந்துவிட, வலமிருந்து இடமாக வரும் அதே நிற ஒளி படிகத்துக்குள் உட்கவரப்பட்டு மங்கிவிடும். காந்தப்புலத்தைத் திருப்பினால் திறந்த பக்கமும் மூடிய பக்கமும் இடம் மாறிக்கொள்ளும்.

திரும்பி வரும் ஒளியால் என்ன தொல்லை?

ஒளியை ஒரு திசையில் மட்டும் செலுத்த வேண்டிய தேவை ஆய்வக ஆர்வத்தால் மட்டும் எழுந்ததன்று. லேசர் கருவியிலிருந்து புறப்படும் ஒளியின் சிறு பகுதி எதிரே உள்ள கண்ணாடி இழையின் முனையிலோ, வெட்டப்படும் உலோகத் தகட்டிலோ பட்டுத் திரும்பிவிடுகிறது. அந்தச் சிறு பகுதி மீண்டும் லேசருக்குள் நுழைந்தால் அதன் அலைநீளம் நிலைகுலையும். ஒளியின் அளவு தாறுமாறாக ஏறி இறங்கும். தொழிற்சாலைகளில் உலோகம் வெட்டப் பயன்படும் உயர்திறன் லேசர்களில், திரும்பி வரும் ஒளி கருவியையே எரித்துவிடவும் கூடும். இணையத் தகவல்களைச் சுமக்கும் கண்ணாடி இழை வலையமைப்புகளிலும் இதே தொல்லை உண்டு.

இதைத் தடுக்க இன்று பயன்படுவது ஐசோலேட்டர் எனப்படும் சிறு கருவி. அதன் அடிப்படை 1845ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காந்தப்புலத்தில் வைத்த ஈயக் கண்ணாடி வழியே ஒளியைச் செலுத்திய மைக்கேல் ஃபாரடே, ஒளி அலையின் அதிர்வுத் தளம் சற்றே சுழன்றிருப்பதை அவ்வாண்டில் கண்டார். சர்க்கரைக் கரைசலும் அதிர்வுத் தளத்தைச் சுழற்றும்; ஆனால் ஒளி அதே வழியில் திரும்பி வந்தால் அந்தச் சுழற்சி அவிழ்ந்துவிடும். காந்தம் ஏற்படுத்தும் சுழற்சி அப்படி அவிழ்வதில்லை. போகும்போது 45 பாகை சுழன்ற ஒளி, திரும்பும்போது மேலும் 45 பாகை சுழன்று மொத்தம் 90 பாகையாகிவிடும். ஒளி நுழையும் இடத்தில் ஒரு திசை அதிர்வை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியை வைத்துவிட்டால், திரும்பி வரும் ஒளிக்கு அங்கே கதவு அடைபட்டுவிடும்.

இத்துறையில் இந்தியாவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்த எஸ். ராமசேஷன், வைரம் உள்ளிட்ட படிகங்களில் ஃபாரடே விளைவை 1940களில் அளந்தவர்.

ஃபாரடே வழியில் இரு குறைகள் உள்ளன. ஒன்று, அதற்கு நிலைக்காந்தமும் கார்னெட் போன்ற சிறப்புப் படிகமும் தேவை. இவற்றை விரல் நுனியளவு சிலிக்கான் சில்லுக்குள் அடக்குவது கடினம். மற்றொன்று, அது ஒளியைத் தானாகத் தடுப்பதில்லை. அதிர்வுத் தளத்தை மட்டுமே திருப்புகிறது. தடுக்கும் வேலையை இரு முனைகளிலும் உள்ள வடிகட்டிகளே செய்கின்றன. காந்தமின் படிகத்துக்கோ வடிகட்டி தேவையில்லை. சூரிய ஒளியைப் போல எல்லாத் தளங்களிலும் அதிரும் ஒளியைக்கூட அது திசை பார்த்தே நடத்துகிறது.

பச்சை வண்ணத்தூளில் தொடங்கிய கதை

இரும்புத் துண்டைக் காந்தமாக்க வேண்டுமானால் காந்தப்புலம் வேண்டும். ஒரு பொருளுக்குள் நேர், எதிர் மின்னூட்டங்களைப் பிரித்துவைக்க வேண்டுமானால் மின்புலம் வேண்டும். பெரும்பாலான பொருட்களில் இவ்விரண்டும் தனித்தனிக் கணக்குகள். காந்தமின் பொருட்களில் இவை ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. மின்புலம் செலுத்தினால் காந்தத்தன்மை தோன்றும். காந்தப்புலம் செலுத்தினால் மின்னூட்டங்கள் விலகி நிற்கும்.

படிகங்களின் சமச்சீர்மையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பியர் கியூரி, இத்தகைய பிணைப்பு சாத்தியம் என்று 1894இல் எழுதினார். அதை மெய்ப்பிக்கும் பொருள் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. குரோமியம் ஆக்சைடில் இந்த விளைவு இருந்தே ஆக வேண்டும் என்று சோவியத் இயற்பியலாளர் ஜியாலோஷின்ஸ்கி 1959இல் கணித்தார். மறு ஆண்டே ஆஸ்ட்ரோவ் அதைச் சோதனையில் கண்டார். பச்சை வண்ணக் கலவைகளில் சேர்க்கப்படும் தூள்தான் இந்தக் குரோமியம் ஆக்சைடு. ஏறத்தாழ 34 டிகிரி செல்சியசைத் தாண்டினால் இதன் காந்த ஒழுங்கு குலைந்துவிடும். டெல்லியின் மே மாத நண்பகலில் வெளியே வைத்தால் இந்தப் படிகம் தன் காந்தமின் தன்மையை இழந்துவிடும் என்பது இத்துறையின் நிரந்தரச் சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஒன்றுக்கு இரண்டு கைகள்

காந்தமும் மின்சாரமும் பிணைந்திருப்பதற்கும் ஒளியின் திசைக்கும் என்ன தொடர்பு? விடை ஒளியின் இயல்பிலேயே உள்ளது. ஒளி என்பது ஒரே நேரத்தில் அதிரும் மின்புலமும் காந்தப்புலமும். இவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. இரண்டும் சேர்ந்தே ஒளி செல்லும் திசையை முடிவு செய்கின்றன. ஆகவே ஒளியின் திசையை மாற்றினால் இரண்டில் ஒன்று தலைகீழாக வேண்டும். மின்புலத்தை அப்படியே வைத்துக்கொண்டு திசையைத் திருப்பினால், காந்தப்புலம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

ஒரு பொருள் ஒளியை உட்கவரும்போது அதன் எலெக்ட்ரான்கள் கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குத் தள்ளப்படுகின்றன. பெரும்பாலான பொருட்களில் அந்தத் தள்ளலைச் செய்வது ஒளியின் மின்புலம் மட்டுமே. காந்தப்புலத்தின் பங்கு மிகச் சிறிது. எனவே அது எந்தப் பக்கம் திரும்பினாலும் விளைவு மாறுவதில்லை. காந்தமின் படிகத்திலோ ஒரே எலெக்ட்ரானை மின்புலம் ஒரு கையாலும் காந்தப்புலம் மறு கையாலும் தள்ளுகின்றன. ஒரு திசையில் இரு கைகளும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. எதிர்த்திசையில் ஒன்றுக்கொன்று எதிராகத் தள்ளுகின்றன.

இதை எண்களில் பார்த்தால் வியப்பு கூடும். மின்புலத்தின் தள்ளலை 1 என்றும் காந்தப்புலத்தின் தள்ளலை அதில் பத்தில் ஒரு பங்காக 0.1 என்றும் கொள்வோம். உட்கவரும் அளவு, மொத்தத் தள்ளலின் வர்க்கமாக அமையும். ஒரு திசையில் 1.1இன் வர்க்கம், அதாவது 1.21, எதிர்த்திசையில் 0.9இன் வர்க்கம், அதாவது 0.81. பத்தில் ஒரு பங்கே உள்ள கூட்டாளியால் இரு திசைகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேறுபாடு உண்டாகிவிடுகிறது. இரு தள்ளல்களும் சமமானால் ஒரு திசையில் 4, மறு திசையில் சுழியம். அப்போது படிகம் ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளிக்கு முழுவதும் தெளிவாகவும், மறுபக்க ஒளிக்கு மங்கலாகவும் அமைந்துவிடும்.

இரு கைகளும் இப்படி இணைந்து வேலை செய்யப் படிகம் இரண்டு சமச்சீர்மைகளை ஒருங்கே இழந்திருக்க வேண்டும். முதலாவது, அதன் அணு அமைப்பில் முன்னும் பின்னும் வேறுபட வேண்டும். எல்லா அணுக்களையும் ஒரு மையத்தின் வழியே எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினாலும் படிகம் அதேபோல் இருக்குமானால், இரு திசைகளையும் பிரித்தறிய அதற்கு வழியில்லை. இரண்டாவது, காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அது வேறொன்றாக வேண்டும். காந்த ஒழுங்கு உள்ள பொருட்களுக்கு இந்தப் பண்பு இயல்பாக உண்டு. காலத்தைத் திருப்பினால் காந்தமுனைகள் இடம் மாறிவிடும். சர்க்கரைக் கரைசலுக்கு முதல் தகுதி உண்டு, இரண்டாவது இல்லை. இரும்புக்கு இரண்டாவது உண்டு, முதலாவது இல்லை. இரண்டும் பொருந்திய படிகங்கள் அரிது.

ஓடும் நீரைப் போல நடந்துகொள்ளும் படிகம் என்றும் இதைக் கூறலாம். ஓடும் நீரில் ஒளி நீரோட்டத்துடன் செல்லும்போது சற்று வேகமாகவும், எதிர்த்துச் செல்லும்போது சற்று மெதுவாகவும் போவதை 1851இல் பிரெஞ்சு அறிஞர் ஃபிசோ சோதனையில் காட்டினார். காந்தமின் படிகம் ஓடவில்லை. மேசை மீது அசையாமல் இருக்கிறது. ஆயினும் அதன் மின்முனைவுத் திசைக்கும் காந்தத் திசைக்கும் செங்குத்தான திசையில் ஒரு நீரோட்டம் இருப்பது போலவே ஒளி அதை உணர்கிறது.

கோட்பாட்டிலிருந்து ஆய்வகத்துக்கு

இவை எல்லாம் 1960களிலேயே தாளில் எழுதப்பட்டுவிட்டன. காந்தமின் படிகங்களில் ஒளி திசையைப் பொறுத்து நடந்துகொள்ளும் என்றும், அதைக் கொண்டு கண்ணுக்குப் புலப்படாத காந்தப் பகுதிகளைக் காணலாம் என்றும் பிரவுன், ஷ்ட்ரிக்மன், டிரெவ்ஸ் ஆகியோர் 1963இல் முன்மொழிந்தனர். சோதனைக்கு எட்டியது வெகு தாமதமாகவே. கட்புலனாகும் ஒளியில் காந்தப்புலத்தின் தள்ளல் பொதுவாக மின்புலத்தினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது என்பதே காரணம்.

1997இல் ரிக்கன், ரௌபாக் ஆகிய இருவர், இடக்கை வலக்கை வேறுபாடு கொண்ட யூரோப்பியம் சேர்மம் ஒன்று காந்தப்புலத்தில் வெளியிடும் ஒளி திசைக்கேற்பச் சற்றே மாறுவதைக் கண்டனர். 2002இல் ரிக்கனின் குழு, ஒன்றுக்கொன்று செங்குத்தான மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒரு படிகத்தில் செலுத்தி, உட்கவர்தலிலும் அதே வேறுபாட்டைக் காட்டியது. விளைவு மிகச் சிறியது. ஆனால் விதிக்கு விலக்கு உண்டு என்பது உறுதியாயிற்று.

பெரிய தாவல் ஜப்பானில் நிகழ்ந்தது. இயற்பியலாளர் டகா-ஹிசா அரிமாவின் குழு தேர்ந்தெடுத்தது காப்பர் மெட்டாபோரேட் என்னும் நீலப் படிகத்தை. தாமிர அயனியில் மின்புலத்தால் நிகழும் எலெக்ட்ரான் தாவல் இயல்பிலேயே வலுக்குறைந்தது. அதனால் காந்தப்புலத்தின் சிறிய கையும் அங்கே சம பலம் பெறுகிறது. வலியவனை மெலியவனாக்கிப் போட்டியைச் சமமாக்கும் உத்தி இது. ஆழ்குளிரில், சிறிய காந்தப்புலத்திலேயே, எதிரெதிர்த் திசைகளில் ஒளியை உட்கவரும் அளவு ஏறத்தாழ மும்மடங்கு வேறுபடுவதை 2008இல் அக்குழு கண்டது. 2015இல் அதே படிகத்தை 50 டெஸ்லாவைத் தாண்டிய காந்தப்புலத்தில் வைத்தபோது, அகச்சிவப்பின் குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் ஒரு திசைக்கான உட்கவர்தல் முற்றிலும் மறைந்தது. மேலே கண்ட 4, 0 என்ற கணக்கு அங்கே நிஜமாயிற்று.

இந்தச் சாதனையின் நிபந்தனைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. 50 டெஸ்லா என்பது சிறப்பு ஆய்வகங்களில் நொடியின் மிகச் சிறு பகுதிக்கு மட்டும் உருவாக்கப்படும் புலம். இந்தப் படிகத்தில் காந்த ஒழுங்கு தோன்றுவதோ 21 கெல்வினுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ மைனஸ் 252 டிகிரி செல்சியசில். அதைக் கைப்பேசிக்குள் வைக்க இயலாது.

அறை வெப்பநிலையில் நிற்கும் ஒன்று

குளிர்ச் சிக்கலுக்கு ஒரு விடை வேறு அலைநீளத்திலிருந்து வந்தது. கட்புலனாகும் ஒளியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நீண்ட அலைகள் டெராஹெர்ட்ஸ் அலைகள். ஒரு டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். காந்தப் படிகங்களுக்குள் அணுக்களின் காந்தங்கள் வயலில் நெற்கதிர் அசைவது போல வரிசையாக அசையும் இயல்பான அதிர்வுகள் இந்த அலைவரிசைக்கு அருகிலேயே அமைந்துள்ளன. அங்கே காந்தப்புலம் சிறிய கூட்டாளி அன்று, மின்புலத்துக்கு இணையானது. ஹங்கேரிய இயற்பியலாளர் இஸ்த்வான் கேஷ்மார்க்கியும் கூட்டாளிகளும் 2011இல் பேரியம், கோபால்ட், ஜெர்மேனியம் கலந்த ஓர் ஆக்சைடில் இந்த அலைவரிசையில் வலுவான திசை வேறுபாட்டைப் பதிவு செய்தனர்.

நான்கு ஆண்டுகள் கழித்து அவர்கள் பிஸ்மத் ஃபெரைட்டுக்கு வந்தனர். காந்தமின் ஆய்வுலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட பொருட்களில் ஒன்று இது. இதன் காந்த ஒழுங்கு சுமார் 370 டிகிரி செல்சியஸ் வரையிலும், மின்முனைவு சுமார் 830 டிகிரி வரையிலும் குலையாது. டெல்லி வெயில் இதற்கு ஒரு பொருட்டே அன்று. இந்தப் படிகத்தில் டெராஹெர்ட்ஸ் அலைகள் அறை வெப்பநிலையிலேயே திசை பார்த்துக் கடக்கின்றன என்ற முடிவு 2015இல் வெளியானது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு போல இது ஒளி டையோடு என அழைக்கப்படுகிறது. ஆனால் கண்ணாடி இழைகளில் தகவல் சுமக்கும் ஒளியின் அலைநீளம் சுமார் 1,550 நானோமீட்டர். டெராஹெர்ட்ஸ் அலையிலிருந்து அது வெகு தொலைவில் உள்ளது. வெப்பநிலைப் பிரச்சினை தீர்ந்த இடத்தில் அலைநீளப் பிரச்சினை எழுகிறது.

மறைந்திருக்கும் எழுத்தைப் படிக்கலாம்

ஒளியை முழுமையாகத் தடுக்காவிட்டாலும் பயன் தரும் ஒரு பணி உண்டு. அதிகம் பேசப்படாத அப்பணியே முதலில் நடைமுறைக்கு வரும் வாய்ப்பு கொண்டதாகத் தோன்றுகிறது. குரோமியம் ஆக்சைடு போன்ற எதிர்ஃபெரோ காந்தங்களில் அடுத்தடுத்த அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக நிற்கின்றன; வெளியே காந்தத்தன்மை எதுவும் தெரிவதில்லை. வெளிக்காந்தம் எளிதில் அழிக்க முடியாத, பக்கத்தில் உள்ளதைப் பாதிக்காத நினைவகத்துக்கு இவை ஏற்றவை என்று கருதப்படுகிறது. ஆனால் வெளியே தெரியாத ஒன்றில் எழுதியதை எப்படிப் படிப்பது?

மேல்-கீழ் என்ற வரிசையும் கீழ்-மேல் என்ற வரிசையும் காந்தமானிக்கு ஒன்றே. காந்தமின் படிகத்தின் வழியே செல்லும் ஒளிக்கோ அவை வேறுவேறு. ஒன்றில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் உட்கவரப்படும். எனவே ஒளியைப் பாய்ச்சி மறுபக்கம் படம் பிடித்தால் ஒரு வகைப் பகுதிகள் வெளிச்சமாகவும் மறு வகைப் பகுதிகள் சற்று இருண்டும் தெரியும். 1963இல் மூவர் முன்மொழிந்த இந்த எண்ணம், அண்மை ஆண்டுகளில் லித்தியம் கோபால்ட் பாஸ்பேட் உள்ளிட்ட படிகங்களில் நுண்ணோக்கிப் படங்களாகவே நிறைவேறியுள்ளது. இங்கே சில விழுக்காடு வேறுபாடு இருந்தாலே போதும்.

'ஒருவழிச் சன்னல்' எப்போது?

இயற்கைப் படிகங்களைக் காத்திராமல் செயற்கையாகவே இப்பண்பை உருவாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. இரு திசைகளிலும் சமமாக நடக்காத மின்சுற்று உறுப்பு ஒன்றை நெதர்லாந்தின் பெர்னார்டு டெல்லெகன் 1948இல் முன்மொழிந்தபோது, அத்தகைய காந்தமின் ஊடகத்தையும் எண்ணிப்பார்த்தார். அவர் பெயராலேயே வழங்கும் அந்த ஊடகத்தைக் கோபால்ட், சிலிக்கான் நுண்துகள்களைக் கொண்டு கட்புல ஒளிக்கு அமைக்கும் வடிவமைப்பை, ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டனர். வெளிக்காந்தம் தேவையில்லை என்பது அதன் சிறப்பு. ஒரு பக்கம் மட்டுமே பார்க்க இயலும் சன்னல் கண்ணாடி வரப்போகிறது என அப்போது தலைப்புகள் வந்தன. வெளியிடப்பட்டது வடிவமைப்பும் கணக்கீடும் மட்டுமே. வீட்டுச் சன்னலில் பொருத்தும் பலகை அன்று.

ஒருவழிக் கண்ணாடி என்றதும் எழும் மற்றோர் ஐயம், அது ஆற்றல் விதிகளை மீறாதா என்பது. ஒரு பக்கத்திலிருந்து ஒளி வந்துகொண்டே இருக்க, மறுபக்கத்துக்குத் திரும்பவே முடியாது என்றால், செலவின்றி ஓரிடம் சூடேறிக்கொண்டே போகுமே? ஃபாரடே விளைவைப் பற்றி இதே கேள்வியை இயற்பியல் மேதை ரேலி பிரபு 1901இல் விவாதித்தார். தடுக்கப்பட்ட ஒளி மாயமாவதில்லை என்பதே விடை. அது படிகத்தையோ வடிகட்டியையோ சூடாக்கி, வெப்பக் கதிராக மீண்டும் வெளியேறுகிறது, கணக்கு நேராகிவிடும். ஆயினும் ஓர் உண்மையான ஆதாயம் உண்டு. சாதாரணச் சூரியத் தகடு எந்தத் திசையிலிருந்து ஒளியை ஏற்கிறதோ, அதே திசையில் ஒரு பகுதியைத் திருப்பி உமிழ்ந்தாக வேண்டும். இருவழிச் சமன்மையை மீறும் பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சூரிய ஆற்றலைப் பயன்படுத்தும் கோட்பாட்டு உச்சவரம்பு இதனால் 86.8 விழுக்காட்டிலிருந்து 93.3 விழுக்காடாக உயரும் என்பது கணக்கு. இன்றைய தகடுகள் இவ்விரு எண்களுக்கும் வெகு கீழே இருப்பதால், சூரிய ஆற்றல் துறை இப்போதைக்கு இதைக் காத்திருக்கப்போவதில்லை.

நெருக்கடி உண்மையில் இருப்பது குவாண்டம் கணினிகளில். மீக்கடத்திக் குவாண்டம் கணினியில் ஒவ்வொரு கியூபிட்டிலிருந்தும் வரும் நலிந்த நுண்ணலைச் சைகையைப் படிக்கும்போது, பெருக்கியின் இரைச்சல் திரும்பிச் சென்று கியூபிட்டைக் கலைத்துவிடக் கூடாது. இதற்காகக் காந்தம் பொதிந்த ஒருவழிக் கருவிகள் குளிர்கலத்துக்குள் அடுக்கப்படுகின்றன. கியூபிட்டுகள் பெருகப் பெருக அவையே இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ரூ.6,003.65 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கம், எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட்டுகள் வரையிலான கணினிகளை இலக்காகக் கொண்டுள்ளது. மீக்கடத்தி, ஒளி ஆகிய இரு வழிகளும் அத்திட்டத்தில் அடங்கும். இரண்டுக்குமே சிறிய ஒருவழிக் கருவிகள் தேவை. இங்கே ஆழ்குளிர் ஒரு தடையும் அன்று. குளிர்கலம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

சந்தையில் கிடைக்கும் சாதாரண ஃபாரடே ஐசோலேட்டர், திரும்பி வரும் ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. முன்னோக்கிச் செல்லும் ஒளியைப் பெரிதும் இழப்பதுமில்லை. அறை வெப்பநிலையில், 1,550 நானோமீட்டரில், சில்லுக்குள் அடங்கும் அளவில் அதே வேலையைச் செய்யும் காந்தமின் படிகத்தையே ஆய்வாளர்கள் தேடிவருகின்றனர்.